தை முகூர்த்தமும் நெட்டிப் பூக்களும்

காவிரிப் படுகையில் கல்யாண அலங்காரமெல்லாம் வாசலோடும் மணமேடையோடும் நின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் இலையைத் தவிர எதற்கும் இடமிருக்காது. ஒரு பந்தி எழுவதற்குள் அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலியின் பின்னால் வந்து நிற்பார்கள். கும்பகோணத்தை விட்டு டொராண்டோ பக்கம் குடியேறிய பிறகுதான், மேசையின் நடுவே எதையாவது வைத்தாக வேண்டும் என்ற வழக்கத்துக்கு நாங்கள் பழகினோம். அங்கே வரவேற்புக்கு வருகிறவர்கள் வட்ட மேசையைச் சுற்றி எட்டும் பத்துமாக உட்கார்ந்து, மாலைப்பொழுது முழுவதையும் அங்கேயே கழிக்கிறார்கள்.

நாத்தனார் மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். தை என்றால் ஊரில் அறுவடையும் இளவெயிலும். கனடாவிலோ அதுதான் கடுங்குளிர். (பனிக்காலத்தில் மண்டப வாடகை குறைவு என்பதும் ஒரு காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.) வெப்பமூட்டிய அறையின் வறண்ட காற்றில் மல்லிகை சீக்கிரம் வாடிவிடும், காரிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோகும் சற்று நேரத்திலேயே உறைகுளிர் பட்டு இதழ்கள் கருகிவிடும். பிளாஸ்டிக் பூவுக்கோ மணப்பெண் ஒப்பவில்லை.

கார்த்திகையில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் நெட்டி, அதாவது நீர்ச்செடித் தண்டின் வெள்ளைத் தக்கை, நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய கோயிலையே அந்த வெண்மையில் சிறிதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். கொழுந்தனாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுற நெட்டியையா அண்ணி கல்யாண மேசையில வைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைக் காயவைத்து, பழுப்பு நிற மேல்தோலைச் சீவியதும் உள்ளே தந்தம்போல வெளுத்த தக்கை தெரிகிறது. எங்களுக்குப் பூச் செய்துதந்த கைவினைஞர் அதை மெல்லிய இதழ்களாகச் சீவினார். கத்தி சற்று மழுங்கினாலும் நெட்டி அறுபடாமல் நசுங்கிப் பிசிராகிவிடும் என்பதால் அடிக்கடி அதைத் தீட்டிக்கொண்டார். இதழ்களின் அடியில் துளிப் பசை தொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது தாமரை விரிந்தது. ஒரு பெட்டி நிறையப் பூக்கள் இருந்தும் எடை கையில் தெரியவே இல்லை. தாவரப் பொருள் என்பதால் கனடா விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் மறைக்காமல் தெரிவித்துவிட்டே வெளியே வந்தோம்.

பூவுக்கு அடியில் வைக்க அந்த ஊர்ப் பைன் காய்களைப் பொறுக்கினோம். ஈரத்தில் செதில்களை மூடிக்கொண்டிருந்த அவற்றை ஓவனில் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்ததும் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளே பூச்சி இருந்தாலும் அதோடு போய்விடும். செதில் நுனிகளில் பசை தடவி எப்சம் உப்பைத் தூவினால் உறைபனி படிந்ததுபோலவே இருக்கும். நெட்டி சட்டென்று தீப்பற்றக்கூடியது என்பதால், அருகே பேட்டரி மெழுகுவத்திகளை மட்டுமே வைத்தோம்.

உயரத்தில்தான் நாத்தனாருக்கும் எனக்கும் இழுபறி. நெட்டையான கண்ணாடிக் குவளைகள் வேண்டுமென்று அவர் சொன்னார். எதிரே இருப்பவர் முகம் மறையாதபடி ஓர் அடிக்குள் முடிக்க வேண்டுமென்று நான் சொன்னேன். மணப்பெண் என் பக்கம் நின்றதால் குவளைகள் கடைக்கே திரும்பிப் போயின.