எனக்கு வந்தது 13ஆம் நம்பர்

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தி புதுசா டாரட் கட்டு (ஜோசியம் பாக்கற படச்சீட்டு) வாங்கிட்டு வந்து, முதல் சீட்டு நீதான் எடுக்கணும்னு நீட்டினா, எடுத்தா 13, 'சாவு'ன்னு பேரு வச்ச சீட்டு. வெள்ளைக் குதிரை மேல கவசம் போட்ட எலும்புக்கூடு, கீழ ஒரு ராஜா விழுந்து கிடக்கார். "பயந்துடாதடி, இது சாவு இல்ல, மாற்றம்"னு அவளே சமாதானமும் சொல்லிட்டா. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

ஏன்னா இது சீட்டாட்டம்ங்க. 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலில ஆடினது, 1440லயே ஃப்ளாரன்ஸ்ல எழுத்துல குறிப்பு இருக்கு. மிலன் பிரபு வீட்டுக்குன்னு தங்க ரேக் ஒட்டி வரைஞ்ச கட்டுலாம் இன்னும் மியூசியத்துல இருக்கு. மொத்தம் 78 சீட்டு, சாதா சீட்டு மாதிரி 56, கூட 22 படச்சீட்டு, அதுல கோமாளிய விட்டா மிச்சம் 21ம் நிரந்தரத் துருப்பு. நாம ஆட்டத்துக்கு ஆட்டம் துருப்பு எதுன்னு அடிச்சுக்குவோம்ல, அந்தப் பஞ்சாயத்தே கிடையாது. என் 13ஐ இறக்கினா, 12ல தலைகீழா தொங்கறவன வெட்டிரும், 14கிட்ட வெட்டு வாங்கும், அவ்ளோதான் பலன்.

அப்புறம் எப்படி ஜோசியம் ஆச்சு? 1781ல பாரிஸ்ல கூர் த ஜெபலின்னு ஒருத்தர், இது எகிப்து பூசாரிங்க ஒளிச்சு வச்ச ஞான நூல்னு எழுதிட்டார். அப்போ எகிப்து சித்திர எழுத்த படிக்கத் தெரிஞ்ச ஆளே உலகத்துல இல்ல, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அத எப்படிப் படிக்கறதுன்னு கண்டுபிடிச்சது 1822ல! யாரும் செக் பண்ண முடியாதுல்ல, அடிச்சு விட்டாச்சு. பின்னாடியே அலியெட்னு ஒருத்தர், பேர தலைகீழா எழுதி எட்டெய்லா ஆகி, குறி பாக்கறதுக்குன்னே தனிக் கட்டு போட்டு வித்தார். பேர திருப்பினாலே ஒரு மர்மம் வந்துருது பாருங்க.

ஃப்ரெண்டு வாங்கின கட்டு 1909ல லண்டன்ல வந்ததோட காப்பி. ரைடர் வெயிட்னு சொல்வாங்க, ரைடர் பப்ளிஷர், வெயிட் ஐடியா குடுத்தவர். படம் பூரா வரைஞ்ச பமீலா கோல்மன் ஸ்மித் பேரு அதுல இல்ல. பெரிய வேலை, காசு ரொம்ப கம்மின்னு அவங்களே லெட்டர்ல புலம்பிருக்காங்க, 1951ல கையில ஒண்ணுமில்லாமதான் போய்ச் சேர்ந்தாங்க. ஆனா சீட்டோட மூலைய உத்துப் பாத்தா, கொடி சுத்தின மாதிரி அவங்க இனிஷியல் பின்னிக் கிடக்கும். ஃப்ரெண்டுகிட்ட காட்டினேன், அவ அதையும் ஏதோ மந்திரக் குறின்னு நெனச்சிட்டு இருந்திருக்கா.

பிரான்ஸ்ல இன்னும் இத ஆட்டமாத்தான் ஆடறாங்களாம், நாலு பேர் வேணும். நானும் அவளும் ரெடி, இன்னும் ரெண்டு பேர் வர்றீங்களா?