மர்டோவில் ஆலங்கட்டி விழுந்த இரவு

மினசோட்டாவில் இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறை வந்தால் மேற்கே கிளம்பிவிடுவார்கள். இன்டர்ஸ்டேட் 90ஐப் பிடித்துத் தெற்கு டகோட்டாவைக் குறுக்காகக் கடந்தால் பேட்லேண்ட்ஸ், மவுண்ட் ரஷ்மோர், மனமிருந்தால் யெல்லோஸ்டோன் வரைக்கும் போகலாம். பட்டுக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்ததால் நாங்கள் ஆர்வி, அதாவது வீடுபோல அமைத்த பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது. அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் கூடவே வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

சேம்பர்லினில் மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் சோளக்காடு குறைந்து புல்வெளி தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டியவரை மரம் இல்லை. வழியில் விவியன் என்று ஒரு சின்ன ஊர். 2010 ஜூலை 23 அன்று அங்கே விழுந்த ஆலங்கட்டிதான் அமெரிக்காவில் பதிவானதிலேயே பெரியது. விட்டம் 8 அங்குலம், எடை ஏறத்தாழ 880 கிராம். மகள் அதைப் போனில் படித்துச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை.

இரவு தங்க மர்டோ என்ற ஊர்ப் பக்கம், இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டில் இடம் பிடித்திருந்தோம். அதை நடத்தும் அம்மையார் வரைபடத்தைக் கையில் கொடுக்கும்போது அதன் தலையில் பேனாவால் ‘ஜோன்ஸ் கவுண்டி’ என்று எழுதினார். பிறகு குளியலறைக் கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “ராத்திரி போன் அலறினால் இங்கே வந்துவிடுங்கள்” என்றார். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி; இங்கே புயல் எச்சரிக்கை அதன் பெயரைச் சொல்லித்தான் வரும். வழிப்போக்கர்களுக்குத் தாங்கள் எந்தக் கவுண்டியில் நிற்கிறோம் என்பது தெரிய வாய்ப்பில்லை. அந்த ஒரு வரியை எழுதிக்கொடுத்ததற்கு அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மின்சாரம், தண்ணீர்க் குழாய் இரண்டையும் மாட்டி, ரசம் சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் டோர்னடோ வாட்ச் வந்துவிட்டது. டோர்னடோ என்பது நிலத்தின் மேல் சுழன்றடிக்கும் சூறாவளி. வாட்ச் என்றால் அது உருவாக ஏற்ற வானிலை இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் கணிப்பு மையம் அதை வெளியிடுகிறது. வார்னிங் அப்படியல்ல. ரேடாரிலோ நேரிலோ பார்த்துவிட்டார்கள், உடனே பதுங்குங்கள் என்று அந்தந்தப் பகுதி வானிலை அலுவலகம் சொல்வது அது. மினசோட்டாவில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சைரனை ஊதிச் சோதிப்பார்கள், அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டோம். ஆனால் திறந்தவெளியில், சக்கரத்தின் மேல் படுத்துக்கொண்டு வாட்ச் செய்தி படிப்பது வேறு விஷயம். வண்டியின் பக்கத்தில் விரித்திருந்த நிழல்துணியைச் சுருட்டி, வெளியே நீட்டி வைத்திருந்த அறைப்பகுதியை உள்ளே இழுத்து, செருப்புகளை வாசல் ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தோம்.

நடுநிசிக்குச் சற்று முன்னால் எங்கள் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. டோர்னடோ வார்னிங். பக்கத்து வண்டி ஐயோவாக்காரர் டார்ச்சோடு வந்து கதவைத் தட்டினார்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார், இறங்க மறுத்துவிட்டார்.

“புயல்ல யாராச்சும் வீட்ட விட்டு வெளிய போவாங்களா தம்பி? கதவச் சாத்திட்டு உள்ள இருப்போம்.”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, எங்கள் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அன்று வீட்டுக்குள் கதவடைத்து உட்கார்ந்திருந்துதான் அம்மா உயிர் பிழைத்தார். கடலில் உருவாகும் புயலுக்குப் பெயர் வைப்பார்கள், நாள் கணக்கில் முன்னதாகவே சொல்லிவிடுவார்கள், அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைக்கலாம். சூறாவளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் ஆர்வி வீடே இல்லை. உயரமான பக்கச்சுவரும் லேசான உடம்பும் கொண்ட அந்த வண்டியைப் பலத்த காற்று உருட்டிவிடும். உறுதியான கட்டடத்துக்கு ஓடுங்கள் என்று வானிலைத் துறை திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இதையெல்லாம் விளக்க நேரமில்லை. என் மனைவிதான், “அத்தை, இது வீடில்ல, பஸ்ஸு. காத்துல பஸ்ஸுக்குள்ள இருப்பீங்களா?” என்று கேட்டாள். அம்மா உடனே செருப்பை மாட்டினார்.

சன்னல் இல்லாத, கான்கிரீட் கற்களால் கட்டிய குளியலறை அது. ஓய்வுபெற்ற தம்பதிகள், கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண், இரண்டு நாய்கள், எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. பிறகு தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் கை நடுங்க அதை வைத்திருப்பதைப் பார்த்து அம்மா தன் கையை நீட்டினார். அவளும் கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சுவரோரம் நடந்தார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அவ்வளவு இயல்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

சூறாவளி எங்கள் பக்கம் வரவில்லை. வார்னிங் முடிந்ததும் வெளியே வந்தால் தரையெல்லாம் வெள்ளை, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. எங்கள் வண்டியின் கூரைக் காற்றுத்துளை மூடி நொறுங்கி, கட்டில் மெத்தை ஊறிப்போயிருந்தது. மிச்ச இரவை நான்கு பேரும் சாப்பாட்டு மேசை இருக்கையில் சாய்ந்தபடியே கழித்தோம்.

காலையிலும் மின்சாரம் வரவில்லை. ஆனால் வண்டி அடுப்பு புரொப்பேனில் எரிவது. அம்மா இஞ்சி தட்டிப்போட்டுப் பெரிய பாத்திரத்தில் டீ போட்டார். அந்த இளம்பெண் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். ஐயோவாக்காரர் ஏணி கொண்டுவந்து கூரையில் ஏறி, பிளாஸ்டிக் விரிப்பை மடித்துப் போட்டு, ஆர்வி கூரைக்கென்றே விற்கும் ஒட்டுப்பட்டையால் நான்கு பக்கமும் ஒட்டினார். காசு கொடுக்கப் போனால் கையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் சேதத்தைப் படம் எடுத்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பினேன். அப்புறம் டம்ப் ஸ்டேஷனில் கழிவுத்தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

கூரை மூடி 14 அங்குலச் சதுரம், எல்லா ஆர்விக்கும் பெரும்பாலும் அதே அளவுதான், ராபிட் சிட்டியில் கேட்டுப் பாருங்கள் என்று ஐயோவாக்காரர் சொல்லியிருந்தார். கேட்ட முதல் கடையிலேயே கிடைத்தது. கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி நானும் மகளும் மாட்டினோம். அம்மா கீழே நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.