ஃபிரைடேயின் சொந்தப் பெயர்

2019 டிசம்பரில் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் இரண்டாம் அதிகாரியாக ஏறியபோது என் கான்ட்ராக்ட் ஆறு மாதம். இறங்கியது பதினோராவது மாதத்தில். கொரோனாவால் துறைமுகங்கள் ஆள்மாற்றத்துக்கு வழியடைத்துவிட, ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் கடலோடிகள் கப்பல்களிலேயே இருப்பதாக அந்த ஆண்டின் இறுதியில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. எங்கள் கப்பல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தது. இரவில் கரையின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். இறங்க அனுமதி கிடையாது.

இருபத்திரண்டு பேர் இருக்கும் கப்பலில் தனிமை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மெஸ்ஸில் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு அவரவர் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான என் வாட்சில், அதாவது கண்காணிப்புப் பணியில், பேச்சென்றால் பக்கத்துக் கப்பலின் தூரம், காற்றின் திசை, நங்கூரச் சங்கிலியின் இழுப்பு, அவ்வளவுதான். ஐந்தாவது மாதவாக்கில் போனில் என் மனைவி, "ஏங்க, பாதியிலேயே விட்டுடுறீங்க, முழுசாச் சொல்லுங்க" என்றாள். நான் முழுதாகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

அலெக்சாண்டர் செல்கர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமியின் நினைவு அப்போது வந்தது. 1704இல் கப்பல் தலைவனோடு பிணங்கி, சிலி நாட்டுக்கு மேற்கே யுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கி, நான்கு ஆண்டு நான்கு மாதம் ஒற்றை ஆளாக வாழ்ந்தவர் அவர். 1709இல் அவரை மீட்ட வூட்ஸ் ரோஜர்ஸ், பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் அவர் சொற்களைப் பாதி பாதியாகவே உச்சரித்தார் என்றும், அவர் பேச்சு தங்களுக்குப் புரிவதே அரிதாக இருந்தது என்றும் எழுதிவைத்தார்.

ஆளில்லாத் தீவில் தனியே சிக்கிக்கொண்ட ஒருவனின் கதையான டேனியல் டெஃபோவின் 'ராபின்சன் குரூசோ' (1719) நாவல் கப்பலின் புத்தக அலமாரியில் இருந்தது. பள்ளி நாட்களில் படித்தபோது குரூசோ வேலி கட்டியதும் ஆடு வளர்த்ததும்தான் மனதில் நின்றன. இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியது, அவன் தீவுக்கு வந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழித்து நிகழும் ஒரு சம்பவம். புயலிரவில் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. குன்றின் மேல் தீ மூட்டுகிறான். விடிந்ததும் பாறையில் மோதி உடைந்த ஒரு ஸ்பானியக் கப்பல் தெரிகிறது. ஒரே ஓர் ஆளாவது பிழைத்து என்னிடம் வந்திருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, கையில் மென்மையான பொருள் ஏதும் இருந்தால் நசுங்கிவிடும் அளவுக்கு அவன் விரல்கள் தாமாகவே உள்ளங்கையை இறுக்குகின்றன. பிறகு அந்தக் கப்பலில் ஏறிப் பார்க்கிறான். உயிரோடு இருப்பது பசியால் வாடிய ஒரு நாய் மட்டுமே. முன்தளத்துச் சமையலறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இறுகத் தழுவியபடி மூழ்கி இறந்துகிடக்கிறார்கள். டெஃபோ இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் அந்த இரவு அதற்கு மேல் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டுகளில் அவனுக்கு மனிதத் துணை கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு அவன் செய்வதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வெள்ளிக்கிழமை காப்பாற்றியதால் அந்த இளைஞனுக்கு ஃபிரைடே என்று பெயரிடுகிறான். தன்னை மாஸ்டர் என்று அழைக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவனுக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் ஒன்று இருக்குமே என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. ஓர் ஆள் வேண்டும் என்று விரல் நோக ஏங்கியவனா இவன் என்று கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் வாட்சுக்குப் போனேன். இருளில் இடப்பக்கக் கண்ணாடியருகே, கையில் பைனாகுலருடன், ஐந்து மாதமாக என்னோடு நின்ற பிலிப்பினோ மாலுமி இருந்தார். அவரை நான் "ஏபி" (ஏபிள் சீமன்) என்று பதவியைச் சொல்லி அழைப்பேன். மிஞ்சினால் பணியாளர் பட்டியலில் இருக்கும் குடும்பப் பெயர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு முகம் எரிந்தது.

வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். பைனாகுலரை இறக்கிவிட்டுச் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஈரசைச் செல்லப் பெயர் ஒன்றைச் சொல்லி, அது ஏன் வந்தது, எந்த அக்கா வைத்தது என்று அரை மணி நேரம் பேசினார். நடுவில் காற்று திரும்பியது. நங்கூரம் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பிறகு என் வீட்டுப் பெயரைக் கேட்டார். என் ஆச்சி இறந்த பிறகு யாரும் சொல்லாத பெயர் அது. அதிலிருந்த ழகரத்தில் இரண்டு முறை இடறினார். மூன்றாவது முறை சரியாகச் சொன்னார்.