யாரும் வாசிக்காத சுரம்

கிளாரினெட் வாசிப்பவர்கள், பெரிய பியானோ ஒன்றின் அருகில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். பியானோவின் மூடியைத் திறந்து வைத்து, நடுப்பகுதியில் உள்ள, மேலை இசையில் ஏ எனப்படும் சுரத்தின் கட்டையைச் சுத்தியல் தந்தியில் படாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுமாறு உடன் இருப்பவரிடம் சொல்லுங்கள். அப்போது அந்த ஒரு சுரத்துக்குரிய தந்திகள் மட்டும் தம்மேல் அமர்ந்திருந்த கம்பளித் துண்டிலிருந்து விடுபட்டு நிற்கும். பிறகு பி ஃபிளாட் கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தைத் தந்திகளை நோக்கி உரக்க ஊதிச் சட்டென்று நிறுத்துங்கள். ஊதியது டி. அறையில் எஞ்சி நிற்பதோ, யாருமே வாசிக்காத ஏ.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு முனை மூடிய உருளைக் குழாயைப் போல இயங்கும் கருவி கிளாரினெட். அதனால் அதன் தாழ்ந்த சுரங்களில் அடிப்படை அதிர்வின் ஒற்றைப்படை மடங்குகள் வலுவாகவும் இரட்டைப்படை மடங்குகள் மெலிந்தும் ஒலிக்கின்றன. அந்த டி நொடிக்கு ஏறத்தாழ 147 முறை அதிர்கிறது. அதன் மூன்று மடங்கு 440-ஐ ஒட்டி வருகிறது. 440 என்பது பியானோவின் அந்த ஏ. தனக்குரிய அதிர்வு காற்றில் வந்து சேர்ந்ததும் தந்தி தானாகவே விழித்துக்கொள்கிறது. காரணம் தெரிந்த பிறகும், அந்த ஏ ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. கனவிலிருந்து எழுந்த இசையைக் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதுவது பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்தச் சோதனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் ஒரு கனவு கண்டேன். நீளமான அறை, அதன் கோடியில் ஒரு பியானோ, அதன் முன் யாரும் இல்லை. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. அது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நான் அறைக்குள் நுழைவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. பிறகு அந்தச் சுரம் நகர்ந்து ஒரு மெட்டாயிற்று. அந்த மெட்டு எனக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது என்ற உறுதி கனவில் இருந்தது. விழித்த உடனே விளக்கைப் போட்டு, கைக்கு அகப்பட்ட தாளில் கோடுகளை இழுத்து எழுதினேன். வெளிச்சம் வந்தபின் பார்த்தால், எட்டே சுரங்கள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் காணக்கூடிய சாதாரண வரிசை. கண்ணீர் வரும் அளவுக்கு என்னைக் கலங்க வைத்தது இதுவா என்று அன்று நெடுநேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஏமாற்றம் புதிதன்று. வயலின் மேதை தார்த்தீனி, கனவில் சாத்தான் தன் வயலினை வாங்கி வாசித்ததைக் கேட்டு எழுந்து தாம் எழுதிய சொனாட்டா, தாம் கேட்டதற்கு எவ்வளவோ கீழேதான் நிற்கிறது என்று சொன்னதாகப் பதிவு உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமானுடைய கதை இன்னும் நெஞ்சை அறுப்பது. 1854 பிப்ரவரி 17 அன்று இரவில் எழுந்து, தேவதைகள் சொல்லித் தந்ததாக நம்பி ஒரு மெட்டை அவர் எழுதி வைத்தார். அதுவோ, முந்தைய ஆண்டு அவரே எழுதியிருந்த வயலின் கான்சர்ட்டோவின் மெதுவான பகுதியில் வரும் மெட்டைப் பெரிதும் ஒத்திருந்தது. கனவு நமக்குத் தருகிற மெட்டு பெரும்பாலும் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக வருவது வேறொன்று.

அது எது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி. சிறிய அறையொன்றில் தம்மைச் சுற்றிச் சில கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருப்பதாகத் தாம் கண்ட கனவை அவர் சொல்லியிருக்கிறார். விழித்தபோது அவர்கள் வாசித்த இசையில் ஒரு துளியும் அவருக்கு நினைவில்லை. ஆனால் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் கையில் என்னென்ன கருவிகள் இருந்தன என்பது நினைவிருந்தது: ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், இரண்டு பசூன், இரண்டு டிரம்பெட், இரண்டு டிராம்போன். 1923-இல் முடிந்த எட்டு காற்றுக் கருவிகளுக்கான ஆக்டெட் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. அதைப் படித்த அன்று என் எட்டுச் சுரங்களை ஒதுக்கி வைத்தேன். கனவில் என்னை உலுக்கியது மெட்டு அன்று. தொடக்கமே இல்லாமல் ஒரு ஒலி இருந்தது என்பதுதான் என்று அப்போது விளங்கியது.

தொடக்கம் இல்லாத ஒலியைத் தருவதில் கிளாரினெட்டுக்கு நிகரான காற்றுக் கருவியை நான் அறியேன். வாய்முனையில் அதிரும் மெல்லிய நாணல் தகடான ரீடை நாக்கு தொடவே கூடாது. உதட்டின் பிடியை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, மூச்சை முதலில் ஒலியின்றிக் குழலுக்குள் செல்ல விட வேண்டும். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி ஓர் எல்லையைத் தொடும்போது ரீடு அதிரத் தொடங்குகிறது. அந்த எல்லைக்குச் சற்று மேலே ஒலி அவ்வளவு தூய்மையாகவும் மெலிவாகவும் இருக்கும். வாசிப்பவனுக்குக்கூட முதலில் அது காதில் விழுவதில்லை. கீழுதட்டில் ஒரு கூச்சமாகத்தான் தெரிகிறது. கேட்பவர் ‘ஒலிக்கிறது’ என்று உணரும்போது அது ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும்.

பியானோவின் நிலை இதற்கு நேர் எதிர். சுத்தியல் தந்தியில் விழும் கணம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அது ஒரு தொடக்கம். அதன்பின் அந்த ஒலிக்குத் தேய்வதைத் தவிர வேறு வழியில்லை. என்னோடு வாசிக்கும் அக்கா இதை ஒரு நாள் பயிற்சியின் நடுவே மிக எளிமையாகச் சொன்னார்: “நான் தொட்ட நிமிஷத்துலேர்ந்து என் சுரம் சாக ஆரம்பிச்சுடுது, தம்பி. நீ வந்து அதைக் கையில ஏந்திக்கணும்.” இந்த இரு கருவிகளையும் இணைத்து எழுதும் கலை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒன்று தேய்கிறது, அது எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத இடத்தில் மற்றொன்று வளர்கிறது. கனவில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நாம் போவதும் அப்படித்தான். கதவைத் திறந்ததாக நினைவே இருப்பதில்லை.

இதைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி முழுமையாக அறிந்திருந்தார். பாரிஸ் கன்சர்வத்வார் என்னும் இசைக் கல்லூரியின் தேர்வுக்காக 1909-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1910-இன் தொடக்கத்திலும் அவர் எழுதிய முதல் ராப்சொடியின் தலையில் உள்ள குறிப்பே ‘கனவு காண்பதைப் போல, மெதுவாக’ என்பதுதான். மாணவர்களின் விரல் வேகத்தையும் மூச்சுக் கட்டுப்பாட்டையும் சோதிக்க வேண்டிய தேர்வுப் பாடத்தை ஒருவர் இப்படித் தொடங்கினார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பியானோ மிக மென்மையாகத் தொடங்கி வைக்க, கிளாரினெட் அதன் நிழலில் வந்து சேர்கிறது. துள்ளலும் விளையாட்டும் பின்னால் வருகின்றன. ஆனால் அவை எல்லாம் அந்த முதல் சில நொடிகளில் விரிந்த வெளிக்குள்தான் நடக்கின்றன. இதைப் பலர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். முதல் சுரத்தை நாக்கால் தெளிவாகத் தட்டித் தொடங்குபவர்களின் வாசிப்பில் எனக்கு மனம் ஒன்றுவதில்லை. பிழையொன்றும் இல்லாவிட்டாலும் அது விழித்திருப்பவரின் வாசிப்பு.

கனவிசை என்றாலே மூடுபனி போல மங்கலாக, மிதமாக, இனிமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. கனவில் பொருள்கள் மங்கலாக இருப்பதில்லை. பகலில் காண்பதைவிடத் துல்லியமாக இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தொடர்புதான் அறுந்திருக்கும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் 1913-இல் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய நான்கு சிறு இசைத் துண்டுகளில் இந்தத் துல்லியம் இருக்கிறது. நான்கும் சேர்ந்து சில நிமிடங்களே ஓடுகின்றன. இரண்டாவது துண்டு ஒன்பதே பார்கள், அதாவது ஒன்பது தாளக் கட்டங்கள். அதில் பியானோ டி, எஃப் ஷார்ப் என்ற இரண்டு சுரங்களைச் சேர்த்து மீண்டும் மீண்டும் தொட, அதன் மேல் கிளாரினெட் தன் வழியில் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. எதுவும் தற்செயலுக்கு விடப்படவில்லை. அப்படியிருந்தும் கேட்டு முடித்தபின் நமக்கு ஏதோ நேர்ந்தது என்பது மட்டும் தெரிகிறது, என்ன நேர்ந்தது என்று சொல்ல முடிவதில்லை.

கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமான ஷூமானுடைய ஓபஸ் 73 என்னும் படைப்பையும் நான் இந்த வரிசையில் வைப்பேன். 1849 பிப்ரவரியில் இரண்டே நாட்களில் எழுதப்பட்ட மூன்று கற்பனைத் துண்டுகள் அவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நிறுத்தம் இல்லாமல் வாசிக்க வேண்டும். ஏக்கத்தோடு தொடங்குவது எப்போது மகிழ்ச்சியாயிற்று, மகிழ்ச்சி எப்போது கட்டுக்கடங்காத வேகமாயிற்று என்று வாசிப்பவருக்கே பிடிபடுவதில்லை. கடைசியில் ‘இன்னும் விரைவாக’ என்று இருமுறை எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக ஓர் உணர்வு வரும்.

இப்போது என் துண்டுக்கு வருகிறேன். கனவின் எட்டுச் சுரங்களைக் கைவிட்டபின் அந்த அறையை மட்டும் எழுத முயன்றேன். முதல் பாரில் பியானோ நடுப்பகுதி ஏ-யை ஒரே ஒரு முறை தொடுகிறது. தொட்ட கட்டையை விடாமல் பிடித்திருக்கிறது. அது பாதி தேய்ந்த இடத்தில் கிளாரினெட் அதே ஏ-யில், நாக்கின்றி, நுழைகிறது. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பதால், இதற்கு நான் அழுத்துவது பி என்று எழுதப்படும் சுரம். கருவியின் விரல்துளைகள் எல்லாம் மூடி, அதன் முழு நீளமும் அதிரும் இடம். அதற்கு அடுத்துக் கீழே, மிகக் குறைந்த விரல்களில் வாசிக்கும், பி ஃபிளாட், ஏ என்று எழுதப்படும் சுரங்கள் இயல்பாகவே வெளிறிய ஒலி உடையவை. அவற்றைக் கூடுதல் விரல்கள் போட்டுச் செறிவாக்கிக்கொள்ளும்படிதான் எல்லோரும் கற்கிறோம். இங்கே அப்படிச் செய்யவில்லை. முழுக் குழலின் செறிவிலிருந்து திறந்த குழலின் வெளிறலுக்கு மெட்டு இறங்கும்போது, அருகில் நின்றவர் விலகிப் போனதைப் போல இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

நடுப்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன், இன்னும் நீளம் கூடுதலாகத்தான் இருக்கிறது. முடிவு மட்டும் முதல் நாளிலிருந்தே மாறவில்லை. பியானோவில் ஏ ஓசையின்றி அழுத்தப்பட்டிருக்க, கிளாரினெட் தன் அகன்ற கீழ்முனையான பெல்லைத் தந்திகளின் பக்கம் திருப்பி அந்தத் தாழ்ந்த டி-யை ஊதி நிறுத்துகிறது. முதல் பாரில் பியானோ தொட்ட அதே ஏ, இம்முறை தொடுவார் யாருமின்றி ஒலிக்கிறது.

போன வாரம் அதை முதல்முறையாக முழுவதும் வாசித்தோம். கடைசி ஏ தேய்ந்துகொண்டிருந்தது. அக்கா கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்து, “எப்ப விடட்டும்?” என்று கேட்டார். அந்த இடத்தில் தாளில் நான் எதுவும் குறித்திருக்கவில்லை. இருவரும் அசையாமல் இருந்தோம். ஒலி இன்னும் இருக்கிறதா, இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரல் கட்டையின் மேலேயே இருந்தது.