யன்னலில் தொங்கும் வயர்

போன கிழமை லிப்டில் வைத்து மூன்றாம் மாடி அங்கிள் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்கட யன்னலால ஒரு வயர் தொங்குது. உடுப்புக் காயப்போடுற கயிறெண்டு பாத்தா அதில ஒருநாளும் உடுப்பைக் காணேல்லையே." றேடியோவுக்கு என்றேன். "போனிலயே உலகத்து றேடியோ எல்லாம் வருதே?" என்றார். அதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். நல்லதாய்ப் போயிற்று, லிப்டுக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

தூரத்து வானொலி நிலையங்களைத் தேடிப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. டிஎக்சிங் என்பார்கள். டிஎக்ஸ் என்பது தந்திக்காரர்களின் சுருக்கெழுத்து, தூரம் என்று பொருள். நிகழ்ச்சி நல்லதா, பாட்டு இனிமையா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அங்கே ஒரு கோபுரத்தில் புறப்பட்ட அலை, நடுவில் எந்தக் கேபிளும் கொம்பனியும் இல்லாமல், வானத்தில் பட்டுத் திரும்பி வெள்ளவத்தையில் என் வயரில் வந்து விழுகிறது. கரகரப்புக்கு நடுவே யாரோ ஒருவர் தன் நிலையத்தின் பெயரைச் சொல்லுவார். அந்த ஒரு வரிக்காக ஒரு மணித்தியாலம் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். வீட்டில் இதை வருத்தம் என்றுதான் சொல்கிறார்கள்.

தொடங்கியது யாழ்ப்பாணத்தில். தொண்ணூறுகளின் முதல் பாதியில் எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டே ஆகவேண்டும், ஊரில் என்ன நடக்கிறது என்பதையே லண்டனில் இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து இரண்டு வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். சுற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் போகும். சுற்றிலும் இருக்கிற நாலு வீட்டுப் பெரியவர்களும் "சுத்தடா சுத்தடா" என்று ஒரே நேரத்தில் கத்துவார்கள். முக்கியமான செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கை உளையும். அப்போதே ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் சரியாகச் சுற்றினாலும் சில நேரம் குரல் தானாகவே மங்கித் திரும்ப வரும். அது டைனமோவின் குற்றம் இல்லை, வானத்தின் வேலை என்று ஒரு சயன்ஸ் மாஸ்டர் சொன்னார். அதிலிருந்துதான் பிடித்தது.

95 ஒக்டோபர் 30 இடம்பெயர்வுக்குப் பிறகு வன்னி, அப்புறம் 97இல் கொழும்பு. வெள்ளவத்தையில் மாமா வீடு. கடலோரம், மேல்மாடி, இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட், பெட்டிக்கடையில் கூட பற்றரி! வந்த மூன்றாம் நாளே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் பத்து மீற்றர் வயர் வாங்கி, தண்ணீர்த் தாங்கியில் இருந்து யன்னல் வரை கட்டிவிட்டேன். பின்னேரம் வேலையால் வந்த மாமா மேலே பார்த்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "நாளைக்கு செக் பண்ண வருவாங்கள். இது என்னெண்டு கேட்டால் என்ன சொல்லப்போறாய்? சிங்களத்தில சொல்லு பாப்பம்."

எனக்கு அப்போது சிங்களத்தில் 'தண்ணீர்' தவிர வேறு சொல் தெரியாது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பெடியன், கூரையில் ஏரியல், கொப்பியில் நேரமும் இலக்கங்களும். நான் சோதனைக்கு வந்தவனாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அன்றிரவே வயரை இறக்கி, அறைக்குள் திரைச்சீலைக் கம்பியில் சுற்றினேன். பன்னிரண்டு வருடம் அது அங்கேயேதான் இருந்தது.

அந்தக் கொப்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நிலையத்தைக் கேட்டால் நேரம், அலைவரிசை, என்ன பேசினார்கள், எப்படிக் கேட்டது என்று எழுதி அனுப்பினால், சரிபார்த்து வண்ண அட்டை அனுப்புவார்கள். எப்படிக் கேட்டது என்பதற்கு சின்போ என்று ஐந்து இலக்கம் இருக்கிறது: ஒலியின் பலம், மற்ற நிலையங்களின் தொல்லை, இரைச்சல், மங்கல், மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. பள்ளிக்கூட றிப்போட் மாதிரித்தான், நாங்கள் மாஸ்டர், அவர்கள் பிள்ளைகள். நேரத்தை மட்டும் உள்ளூர் நேரத்தில் எழுதக்கூடாது, உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதவேண்டும். இலங்கை என்றால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்கவேண்டும் என்று நான் ஊரில் படித்து வைத்திருந்தேன்.

ஆனால் 1996இல், மின்சாரத் தட்டுப்பாட்டில் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்க என்று, அரசாங்கம் மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்திருந்தது. வன்னியில் பழைய நேரமே ஓடியது, கொழும்பில் புது நேரம். மணிக்கூட்டைத் திருப்பிவைத்தேன், கணக்கைத் திருத்த மறந்துபோனேன். ஓர் ஐரோப்பிய நிலையத்துக்கு மூன்று பக்கத்தில் அழகான றிப்போட் ஒன்று அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் எழுதிய விவரங்கள் எல்லாம் சரி, ஆனால் நீங்கள் குறிப்பிட்ட நேரத்தில் எங்கள் ஒலிபரப்பு முடிந்துவிட்டதே என்று, மிக மரியாதையாக. பாவம், அட்டையையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். இன்னும் வைத்திருக்கிறேன்.

2006 ஏப்ரலில், சித்திரை வருடப்பிறப்போடு, நாடு பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. இதில் என்னைப்போன்றவர்களுக்கு மட்டும் ஒரு வில்லங்கம். நிலையங்கள் பெயர் சொல்வது பெரும்பாலும் மணி அடிக்கும்போதுதான். உலகத்தில் அநேகமான இடங்களில் முழு மணி அடிக்கும்போது எங்களுக்கும் இந்தியாவுக்கும் அரை மணி. எட்டரை, ஒன்பதரை, பத்தரை. சீரியல் உச்சக்கட்டத்தில் இருக்கும்போது நான் எழுந்து அறைக்குள் ஓடுவது அதனால்தான்.

சரி, போர் முடிந்தது, வயரை வெளியே போட்டேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் வேறு இரண்டு விஷயம் நடந்துவிட்டது. ஒன்று, சிற்றலையில் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தத் தொடங்கினார்கள். 2017 ஜனவரி கடைசியில் ரேடியோ ஆஸ்திரேலியா. அதே வருடம் ஏப்ரல் 30இல் தமிழோசை, 1941இல் தொடங்கியது. கடைசி நாள் கேட்கும்போது என்னையறியாமல் வலது கை சுற்றிக்கொண்டிருந்தது என்று மனைவி சொல்கிறாள். நான் நம்பவில்லை. இத்தனைக்கும் இது யாருடைய ஊர்? 1925 டிசம்பர் 16இல் வானொலி தொடங்கிய ஊர். இரண்டாம் உலகப்போர்ப் படையினருக்கான வானொலிக்கென ஏகலையில் வைத்த 100 கிலோவாட் சிற்றலைக் கருவியைப் பிறகு ரேடியோ சிலோன் எடுத்துக்கொண்டது. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியாகி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது இந்தியா முழுக்க எங்களைத்தான் தேடித் திருப்பியது. அவர்களுக்கு அப்போது நாங்கள் தூரத்து நிலையம்.

இரண்டாவது விஷயம் இரைச்சல். எல்இடி பல்ப், போன் சார்ஜர், ரவுட்டர், இன்வேட்டர் ஏசி, கூரை சோலார் எல்லாமே உள்ளே கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டித்தான் வேலைசெய்கின்றன. மலிவான சாமானில் அந்த வெட்டுச் சத்தத்தை அடக்கும் பாகத்தைப் போடமாட்டார்கள். அது வயர் வழியாகக் கசிந்து றேடியோவில் 'ங்ங்ங்' என்று ஏறும். எட்டு மாடி, மாடிக்கு நாலு வீடு. நூறு எல்இடிக்கு நடுவில் இருந்துகொண்டு ஆயிரம் மைல் தூரத்துக் குரலைத் தேடுவது, தேர்முட்டியில் நின்று ஊசி விழுந்த சத்தம் கேட்கிற மாதிரி.

அதற்குத்தான் லூப் ஏரியல். 60 சதமமீற்றர்ச் சதுரத்தில் ஒரு மரச்சட்டம், அதில் பத்துச் சுற்று வயர், பழைய றேடியோவில் கழற்றிய டியூனிங் கண்டென்சர் ஒன்று. பார்த்தால் அரைவாசி முடித்த சிலுவை மாதிரி இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்தால் என் டெக்சன் பிஎல்-330 றேடியோ தனக்குள் இருக்கிற சின்னப் பெரைற் குச்சி ஏரியலால் பிடிப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் லூப்பின் உண்மையான பலம் பிடிப்பதில் இல்லை, விடுவதில். மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனால் ஒரு கோணத்தில் பலமான நிலையம் சட்டென்று அமுங்கும், அதன் அடியில் கிடந்த வேறொன்று மேலே வரும். ஒரு விரலளவு கூடத் திருப்பினால் இரண்டும் போய்விடும். மத்திய அலையில் சென்னை வானொலியின் 720 கிலோஹேர்ட்ஸை இப்படி அமுக்கிவிட்டுக் கீழே கிடப்பதைக் கேட்க முயல்வது எனக்கு வழக்கம். சென்னை, திருச்சி 936, தூத்துக்குடி 1053 எதையும் நான் டிஎக்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. தூத்துக்குடி கடலுக்கு மேலாக முந்நூறு கிலோமீற்றர் கூட வராது, பக்கத்து வீடு. புத்தளத்தில் இருக்கிற 882 இன்னும் மோசம், 400 கிலோவாட்டில் அது தன் இரண்டு பக்கத்தையும் மிதித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இலக்கங்கள் எல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாடு என்பதைக் கவனித்தீர்களா? ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பாவில் மத்திய அலை நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காக்களில் பத்துப் பத்து. என் மகள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை 1602 வரை சொல்லுவாள். ரீச்சருக்குக் காரணம் தெரியாது.

மத்திய அலை பகலில் வானத்தின் கீழ் அடுக்கில் உறிஞ்சப்பட்டுவிடும். சூரியன் போனதும் அந்த அடுக்கு கலையும், அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பும். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு ஆறரைக்கு இருட்டிவிடுவதால் சீசன் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அதே ஆறரைக்குத்தான் எல்லாரும் லைட்டைப் போடுகிறார்கள். வானம் திறக்கிற நேரமும் பல்ப் எரிகிற நேரமும் ஒன்று.

2022 வரும்வரை.

அந்த வருடத்தை ஞாபகப்படுத்தவேண்டியதில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: கொழும்பில் என் இருபத்தைந்து வருடத்தில் அவ்வளவு நல்ல இரவுகள் எனக்குக் கிடைத்ததே இல்லை. கரண்ட் போன அந்த நொடியில் றேடியோவின் 'ங்ங்ங்' அறுந்து விழும். டீசல் இல்லாததால் கட்டடத்து ஜெனரேட்டரும் ஓடாது. யாரோ பெரிய கம்பளத்தைச் சுருட்டி எடுத்ததுபோல அடியில் இருந்து நிலையங்கள் எழும்பும். சவூதியின் 1521இல் அரபு, வடக்கே என்னென்னவோ மொழிகள், மாலைதீவு இருக்கும் பக்கம் மட்டும் வெறும் கடல். ஊரெல்லாம் விசிறியோடு திட்டிக்கொண்டிருக்க, நான் மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதி எழுத்தைத் தேடி, இரவு நேரம் விழுந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வெளியே சொல்லவில்லை, இன்றைக்குத்தான் சொல்கிறேன். (2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் குரங்கு ஒன்று ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அது பகலில் நடந்தது. குரங்குக்கு மத்திய அலை பற்றித் தெரியாது.)

ஏப்ரலில் ஒரு நாள். எங்கள் பகுதிக்கு 9.30 வரை கரண்ட் இல்லை. அம்மா பனையோலை விசிறியோடு ஹோலில் தரையில் படுத்திருந்தா. நான் லூப்பைத் தென்மேற்குப் பக்கம், கடலைப் பார்க்கத் திருப்பி 1400களில் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பதேகாலுக்கு ஒரு பாட்டு. மத்தளம் மாதிரி ஒன்று, பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள், இதுவரை நான் கேட்டிராத மொழி. இந்தி இல்லை, அரபி இல்லை, மாலைதீவின் திவெஹி இல்லை. மங்கிப் போகும், திரும்ப வரும். பாட்டு முடிந்து ஓர் ஆண் குரல், கொஞ்சம் வேகமாக, நிறைய நேரம் பேசியது. 9.29. பெயர் சொல்லப்போகிறான் என்று தெரிந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டேன். மணி அடிக்கும் முன் வருகிற பீப். ஒன்று, இரண்டு, மூன்று...

கரண்ட் வந்துவிட்டது.

ஒழுங்கை முழுக்க "ஹோ" என்று ஒரு சத்தம். கீழே யாரோ கைதட்டினார்கள், மூன்றாம் மாடி அங்கிளாகவும் இருக்கலாம். பிரிட்ஜ் உறுமியது, ரவுட்டர் கண் சிமிட்டியது, றேடியோ முழுக்க 'ங்ங்ங்'. லூப்பை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கொப்பியில் 1600 யூடிசி என்று எழுதி, சின்போ 24322, நிலையம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அடுத்தடுத்த நாட்களும் அதே நேரத்தில் அதே இடத்தில் தேடினேன், வரவில்லை.

"தம்பி, என்ன இருட்டுக்க இருக்கிறாய்?" அம்மா ஹோலில் இருந்து கூப்பிட்டா. "கரண்ட் வந்திட்டுதெல்லே, அந்த ஃபானைப் போட்டுவிடு."

எழும்பிப் போய்ப் போட்டேன்.