பலாப்பலகையில் வெள்ளை நின்றது

மூன்றாவது முயற்சியில் பலகை வெள்ளையாகவே நிற்கிறது. ஓவியத்துக்கான வெள்ளையைப் பூசி ஒன்பது நாள் ஆகிறது, நானே விட்டுவைத்த ஓரிடம் தவிர இன்னும் மஞ்சள் ஏறவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

வழக்கமாக ப்ளைவுட்டில்தான் தஞ்சாவூர் ஓவியம் போடுவேன். இந்த முறை பலகையே எங்கள் வீட்டுடையது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் கொல்லையில் கொள்ளுத்தாத்தா வைத்த பலாமரம், 2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் வேரோடு சாய்ந்தது. பலாவும் முந்திரியும் ஊரெங்கும் படுத்துக் கிடந்தன. விற்க மனமில்லாமல் தாத்தா அதை அறுத்துப் பரணில் ஏற்றினார். அதே மரத்துக் கொட்டையில் வேலியோரம் முளைத்திருந்த கன்றுக்கு முள் அடைத்தார். தாத்தா போய்விட்டார், கன்று காய்க்கிறது. படம் அதுதான்: கீழே படுத்திருக்கும் பழைய அடிமரம், அதற்குப் பின்னால் எழும் இளமரம், தண்டோடு ஒட்டிய ஐந்து காய். என் மகளோடு சேர்த்து ஐந்து தலைமுறை.

அந்தக் காலத்தில் பலாப்பலகையில்தானே போட்டார்கள் என்று தைரியமாக இறங்கினேன். ஆனால் பலாவின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், சாயம் இருக்கிறது. புத்த பிக்குகளின் ஆடைக்கு அந்தச் சீவலைக் கொதிக்க வைத்து நிறம் ஏற்றுவதுண்டு. காடாத்துணி ஒட்டி, சாக் பவுடரைக் கோந்தில் குழைத்துப் பூசினால், அந்த ஈரமே சாயத்தை மேலே இழுத்துவிடுகிறது. முதல் தடவை இரண்டே நாளில் மஞ்சள் தண்ணீர் கொட்டியதுபோல் திட்டுத் திட்டாக வந்தது. இரண்டாம் தடவை கனமாகப் பூசினேன், அதையும் தாண்டி வந்தது. இரண்டையும் துணியோடு உரித்துச் சுரண்டியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வழி சொன்னவர் சைதாப்பேட்டையில் நாற்காலிக்கு பிரெஞ்சு பாலிஷ் போடும் ஆசாரி. "அரக்கு குடுத்து அடைச்சிடுங்க சார், அப்புறம் எதுவும் மேல வராது" என்றார். கடையில் கரைத்தே விற்கும் பாட்டிலை வாங்கினேன். பழைய சரக்கு, மூன்று நாளாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. அரக்குக் கரைசல் நாள்பட்டால் காயாது, செதிலாக வாங்கி நாமே கரைப்பதுதான் சரி. ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்துவிட்டு, 250 மில்லி ஸ்பிரிட்டில் 60 கிராம் செதிலை ஓரிரவு ஊற வைத்து, துணியில் வடிகட்டினேன். மழை நாளில் பூசக்கூடாது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அரக்கு வெளுத்து, பால் பூத்தாற்போல் ஆகிவிடும். வெயில் அடித்த இரண்டு மதியங்களில் ஒவ்வொரு பூச்சு கொடுத்தேன். பளபளப்பில் துணி ஒட்டாது என்பதால், 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் காடாவை ஒட்டினேன்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். படுத்திருக்கும் அடிமரம் வரும் இடத்தில் அரக்கு பூசவில்லை. அங்கே மஞ்சள் மெல்ல ஏறிவருகிறது. அதன் மேல் பெயிண்ட் வைக்கப் போவதில்லை, கோடு மட்டும்தான்.

அடுத்தது காய்களுக்கு மக் வேலை, அதாவது பசையால் மேடு எழுப்புவது. பலா முள்ளை ஒவ்வொன்றாக எழுப்ப, மருதாணிக் கோன்போல் மெல்லிய கோன் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கிறேன். 22 காரட் தங்கத்தாள் விற்கும் விலைக்கு ஐந்து காய்க்கும் ஒட்ட முடியுமா தெரியவில்லை, மகளின் காய்க்குக் கட்டாயம் உண்டு. மண்ணுக்கு போஸ்டர் கலர் வேண்டாம். கொல்லைச் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, கருவேலம் பிசினில் அரைக்கப் போகிறேன். ஒரு டப்பா மண் எடுத்து வைக்கும்படி பெரியப்பாவிடம் சொல்லியாயிற்று. பரணில் இன்னும் இரண்டு பலகை இருக்கிறதாம்.