இரண்டு பேருக்கும் கை தட்டிய சாயங்காலம்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நாங்கள் வந்து இறங்கியது 2014 ஜூலையில். மதுரையில் ஆடிக் காற்று அடிக்கிற நேரம். இங்கே நடுக் குளிர்காலம். நகரத்தின் வடக்கே, சன்னிநூக்கில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் தண்ணீர் வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கி நிற்கும். மழைதான் உள்ளே வந்துவிட்டது என்று முதல் நாள் பயந்தே போனேன். நாங்கள் விட்ட மூச்சும் சோறு வடித்த ஆவியும்தான் ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் படிந்து அப்படி வழிகிறது என்று பிறகு தெரிந்தது. பழைய துண்டு ஒன்றை எடுத்து ஐந்து ஜன்னல்களையும் துடைத்துப் பிழிவதுதான் தினமும் என் முதல் வேலை. அதைத் தாண்டி எனக்கு அப்போது வேறு வேலையும் இல்லை.

மதுரையில் எட்டு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். இங்கே ஓர் அலுவலகத்தில் நேர்முகம் நன்றாகவே நடந்தது. கடைசியில், 'உங்களுக்குக் கிவி எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே' என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் வேண்டுமாம். யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். வாசலில் அம்மாக்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு ஓரமாக நிற்பேன். அதே மாதிரி இன்னொரு ஓரத்தில் ஒரு கொரிய அம்மா நிற்பார். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் புரியும், ஆனால் கூட்டத்தில் பேசத் தயக்கம். இரண்டு ஓரமும் மெல்ல மெல்ல ஒரே ஓரமானது. ஒருநாள் அவர், "நீங்களும் வாருங்கள்" என்று எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போன இடம் ஒரு கோல்ஃப் பயிற்சித் திடல்.

நான் கோல்ஃப் மட்டையை அதுவரை கையால் தொட்டதே இல்லை. ஊரில் அது கார் வைத்திருக்கிறவர்கள் விளையாட்டு. இங்கே அப்படி இல்லை. சுமார் 50 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் மைதானங்கள் மட்டும் 400ஐ நெருங்கும். அந்தச் சின்னப் பெண் மெத்தென்ற புல்லில் நின்று குழியைப் பார்த்துப் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா பக்கத்தில் குடை பிடித்து நின்றார். அவர் கோட்டின் இடது பையில், பந்தைத் தூக்கி வைக்கிற 'டீ' என்ற மர ஆணிகள் பத்து. மகள் பத்துப் பந்து தட்டி முடித்ததும் ஓர் ஆணியை எடுத்து வலது பைக்கு மாற்றுவார். பத்து ஆணியும் வலப்பக்கம் வந்தால் நூறு. அதற்குப் பிறகுதான் தெர்மோஸ் மூடி திறக்கும், ஆவி பறக்கிற சூப் வெளியே வரும். அந்த விரல்கள் குளிரில் சிவந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நியூசிலாந்துக்கு ஆடும் கோல்ஃப் வீராங்கனை லிடியா கோவின் பெயரை முதலில் கேட்டது அவரிடம்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய மூக்குக் கண்ணாடி போட்ட குட்டிப் பெண். 1997இல் சியோலில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற புபுக்கே கோல்ஃப் கிளப்பின் கடைக்குள், ஐந்து வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார் அவள் அம்மா. கடையில் இருந்த பயிற்சியாளர் கை வில்சன் அவளைச் சேர்த்துக்கொண்டார். 2013 டிசம்பர் வரை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது கொரிய அம்மா சாதனைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாரே அந்த அம்மா" என்பதையே இரண்டு முறை சொன்னார். எனக்கும் அதுதான் தைத்தது.

சாதனைகளை நானாகத் தேடிப் படித்தேன். 14 வயதில், 2012இல், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஓப்பனில் தொழில்முறை வீராங்கனைகளை முந்தி முதலிடம். அதே வருஷம் ஆகஸ்டில் கனடா ஓப்பன். பெண்களின் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான எல்பிஜிஏவின் போட்டி ஒன்றை அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை. அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. முதல் பரிசான மூன்று லட்சம் டாலர் இரண்டாவதாக வந்த கொரிய வீராங்கனை இன்பி பார்க்குக்குப் போனது. அடுத்த வருஷமும் கனடாவில் ஜெயித்துவிட்டு, 2013 அக்டோபரில்தான் தொழில்முறைக்கு மாறினாள். 2015 பிப்ரவரியில், 17 வயதில், உலகின் நம்பர் ஒன். ஆணோ பெண்ணோ, அந்த இடத்துக்கு அத்தனை சின்ன வயதில் யாரும் வந்ததில்லை. அன்று பள்ளி வாசலில் எல்லா ஓரத்திலும் அவள் பேச்சுதான். முதல்முறையாக நானும் கூட்டத்துக்குள் போய் நின்று பேசினேன்.

அப்புறம் எனக்கும் வேலை கிடைத்தது. ஒரு சின்ன அலுவலகத்தில் வயதான ஓர் அம்மாள், "இரண்டு வாரம் வா, பார்க்கலாம்" என்றார். அந்த 'பார்க்கலாம்' ஐந்து வருஷம் நீடித்தது.

ஆனால் எனக்கு லிடியா மேல் உண்மையான பிடிப்பு வந்தது அவள் தோற்ற வருஷங்களில்தான். 2016 ஜூலைக்குப் பிறகு வெற்றியே இல்லை. 2018 ஏப்ரலில் ஒன்று. அதற்குப் பிறகு மூன்று வருஷம் மறுபடி ஒன்றுமில்லை. பயிற்சியாளர்கள் மாறினார்கள், மட்டைகள் மாறின. பெற்றோர் ரொம்பத் தலையிடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது. கதவைத் திறந்து உள்ளே போன அன்றைக்கு அந்த அம்மாவை யாரும் எழுதவில்லையே. உச்சியில் இருந்து இறங்கின ஒருத்தி வாரா வாரம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். கோல்ஃபில் பந்தைக் குறைவான தடவை அடித்தவருக்குத்தான் வெற்றி; 2021 ஏப்ரலில் ஹவாயில் மற்றவர்களைவிட ஏழு அடி குறைவாக அடித்து அவள் ஜெயித்தபோது, அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்று. அமெரிக்காவின் நெல்லி கோர்டா, பெங்களூரின் அதிதி அசோக், எங்கள் லிடியா, மூவரும் ஒரே குழுவில். அதிதியின் மட்டைப் பையைச் சுமந்தவர் அவருடைய அம்மா. மதுரையிலிருந்து தம்பி போன் பண்ணினான். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவன், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

"அக்கா, பர்டின்னா நல்லதா கெட்டதா?"

"நல்லதுடா. ஒரு அடி மிச்சம்."

"சரி, நீ யார் பக்கம்?"

எனக்குப் பதில் வரவில்லை. சோபாவில் மகள் நியூசிலாந்தின் கறுப்பு ஜெர்சி போட்டுக்கொண்டு லிடியாவுக்குக் கத்துகிறாள். என் கணவர் அதிதி பக்கம். நடுவில் இடி மின்னலுக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். நான் எழுந்து போய் தோசை ஊற்றினேன், இரண்டு கருகின. கடைசிக் குழியில் அதிதியின் பந்து குழியை ஒட்டிப் போய் உள்ளே விழாமல் நின்றது. கோர்டாவுக்குத் தங்கம். லிடியாவும் ஜப்பானின் மோனே இனாமியும் சமம். தனியாக ஆடிப் பார்த்ததில் லிடியாவுக்கு வெண்கலம். அதிதி நான்காவது. லிடியாவுக்கும் அவருக்கும் ஒரே ஓர் அடிதான் வித்தியாசம்.

மகள் குதித்தாள். நான் அதிதியின் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் அந்தப் பையைச் சுமந்த தோள். டிவியில் இரண்டு பேரையும் காட்டினார்கள், இரண்டு பேருக்கும் கை தட்டினேன். போனில் தம்பி பேசாமல் இருந்தான். அப்புறம், "ஒத்த அடிக்கா" என்றான்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக். ஆக்லாந்தில் ஞாயிறு விடிகாலை, நல்ல குளிர். மகளுக்கு இப்போது பதினாறு. கம்பளியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பெரிய முன்னிலையில் இருந்த லிடியா 13ஆவது குழியில் பந்தைத் தண்ணீரில் விட்டு இரண்டு அடி இழந்தாள். நான் டிவியை விட்டு எழுந்து ஜன்னல் துடைக்கப் போய்விட்டேன். மகள்தான் கூப்பிட்டாள். கடைசிக் குழியில் பர்டி, தங்கம். 2016இல் ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், இப்போது தங்கம். ஒலிம்பிக் கோல்ஃபில் மூன்றும் வைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை. அந்த வெற்றியோடு 27 வயதில் எல்பிஜிஏவின் சாதனையாளர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமிலும் அவளுக்கு இடம் கிடைத்தது.

மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது அவள் அழுதாள். கீதம் முதலில் இந்த மண்ணின் பூர்வகுடி மொழியான மாவோரியில், பிறகு ஆங்கிலத்தில். என் மகள் இரண்டையும் தடங்கல் இல்லாமல் கூடவே பாடினாள். மாவோரி வரிகளில் பாதி எனக்கு இன்னும் வாயில் நுழையாது; நுழைந்த வரை பாடினேன்.

துண்டைப் பிழிந்து காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. அங்கே ராத்திரி ஒன்பதரை தாண்டியிருக்கும்.

"அக்கா, உங்க ஊர்ப் பொண்ணு ஜெயிச்சிருச்சே!"